மெழுகில் பதிந்த குரல்

பழைய காலத்து ஹைஸ்கூல்களில் படித்தவர்களுக்கு டென்னிசனைத் தெரியாமல் இருக்காது. ஷேக்ஸ்பியரை வாத்தியார் விளக்கிக்கொண்டிருப்பார். டென்னிசனைப் பையன்கள் ஒப்பிக்க வேண்டும். அதிலும் 'லைட் பிரிகேட்' பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். குதிரை நாலு கால் பாய்ச்சலில் ஓடுகிற சந்தம் அது. வாத்தியார் மேஜைமேல் பிரம்பால் தாளம் போடுவார். பையன்கள் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு உட்காருவார்கள். அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, அறுநூறு குதிரை வீரர்கள் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்தார்கள் என்ற சங்கதி மட்டும் ஆயுளுக்கும் மறக்காது.

அந்தப் பாட்டை எழுதியவர் அதை எப்படிப் படித்திருப்பார் என்ற கேள்வி அந்த வகுப்புகளில் எழுந்திருக்க நியாயமில்லை. எழுந்திருந்தால் அதற்கு விடை இருந்தது. 1809-ல், நெப்போலியன் சக்கரவர்த்தியாக ஐரோப்பாவை ஆட்டிவைத்த நாளில் பிறந்தவர் டென்னிசன். அவர் தம்முடைய எண்பதாவது வயதில் ஒரு யந்திரத்தின் குழாயில் வாயை வைத்து அந்தப் பாட்டைச் சொன்னார். சொன்னது இன்றைக்கும் இருக்கிறது. கேட்கலாம். கம்பன் எந்த ராகத்தில் பாடினான் என்று நாம் காலமெல்லாம் சண்டை போட்டுக்கொள்ளலாம். டென்னிசன் விஷயத்தில் அந்தச் சண்டைக்கு இடம் பாதிதான் உண்டு. மீதிப் பாதிக்கு ஏன் இடம் இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

எடிசன் முதல் பேசும் யந்திரத்தைச் செய்தது 1877-ல். அதில் மெழுகு கிடையாது. ஓர் உலோக உருளையின்மேல் ஈயக் காகிதத்தைச் சுற்றி, குரலின் அதிர்ச்சியால் ஓர் ஊசி அதில் பள்ளம் போடும்படி ஏற்பாடு. ஆட்டுக்குட்டி வளர்த்த சிறுமியைப் பற்றிய குழந்தைப் பாட்டு ஒன்றை அவர் சொன்னார். யந்திரம் திருப்பிச் சொல்லிற்று. உலகம் வாயைப் பிளந்தது. ஆனால் ஈயக் காகிதம் நாலைந்து தடவை ஓடினால் கிழிந்துவிடும். அடுத்த வருஷம் எடிசன் ஒரு பத்திரிகையில் இந்த யந்திரத்தால் என்னென்ன பிரயோஜனம் என்று பட்டியல் போட்டார். கடிதம் எழுதலாம், கண் தெரியாதவர்களுக்குப் புத்தகம் படிக்கலாம், சங்கீதம் கேட்கலாம் என்று அடுக்கிக்கொண்டு போனவர், குடும்பத்தாரின் பேச்சையும் மரணப் படுக்கையில் கிடப்பவர்களின் கடைசி வார்த்தைகளையும் சேமித்து வைக்கலாம் என்றும் எழுதினார். வியாபாரிக்குக்கூடச் சில சமயம் கவியின் உள்ளம் வாய்த்துவிடுகிறது. எழுதிய கையோடு அவர் அந்த யந்திரத்தை மூலையில் வைத்துவிட்டு, மின்சார விளக்கைத் தேடிப் போய்விட்டார். பத்து வருஷம் அது தூங்கிற்று.

இதற்குள் டெலிபோன் கண்டுபிடித்த பெல்லும் அவருடைய சகாக்களும் ஈயக் காகிதத்துக்குப் பதிலாக மெழுகைப் பிடித்தார்கள். எடிசனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரவும் பகலும் உட்கார்ந்து 1888 ஜூன் மாதம் புதிய யந்திரத்தை முடித்தார். முடித்த களைப்போடு, தலை கலைந்து, கன்னத்தில் கை ஊன்றி அவர் யந்திரத்தின் அருகில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் பிரசித்தமானது.

இந்தப் புதிய யந்திரத்தின் உருளை உட்புறம் குழிவான மெழுகு. பேசுகிறவர் குழாயின் அருகே வாயை வைத்து உரக்கப் பேச வேண்டும். குரல் ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டோடு சேர்ந்த ஊசி சுற்றுகிற மெழுகில் மேடும் பள்ளமுமாக உழுதுகொண்டு போகும். ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் அடங்காது. அந்த நாளில் ஒன்றைப் பார்த்து இன்னொன்று வார்த்து எடுக்கும் வித்தையும் கைகூடவில்லை. ஆகையால் ஒவ்வோர் உருளையும் ஒரே பிரதி. அதைப் போட்டுக் கேட்கும்போதெல்லாம் ஊசி கொஞ்சம் மெழுகைச் சுரண்டிவிடும். கேட்டால் தேயும், கேட்காமல் வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய ஏட்டுச் சுவடிகளைச் செல்லரிக்காமல் காப்பாற்றியவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும்.

இங்கிலாந்தில் எடிசனின் ஏஜெண்டு கர்னல் கூரோ என்பவர். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் போர் புரிந்து பதக்கம் வாங்கியவர். அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக வியாபாரம் செய்தவர். லண்டனுக்குத் தெற்கே நார்வுட்டில் இருந்த தம் வீட்டுக்கு, எடிசனின் ஆராய்ச்சிசாலை இருந்த மென்லோ பார்க்கை நினைத்து, 'லிட்டில் மென்லோ' என்று பெயர் வைத்திருந்தார். பெரிய மனிதர்களைச் சாப்பாட்டுக்கு அழைப்பார். சாப்பாடு முடிந்ததும் யந்திரத்தைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். இப்படி ஒரு விருந்தில் சங்கீத வித்துவான் சர் ஆர்தர் சல்லிவன் பேசிய பேச்சு 1888 அக்டோபரில் பதிவாயிற்று. இந்த அதிசயத்தைக் கண்டு வியப்பதாகவும், அதே சமயம் எவ்வளவு மட்டமான சங்கீதமெல்லாம் இனி சாசுவதமாக நிற்கப் போகிறது என்று நினைத்துக் குலை நடுங்குவதாகவும் அவர் சொன்னார். ஒலிபெருக்கி வைத்த கல்யாண வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் சல்லிவனைத் தீர்க்கதரிசி என்றே சொல்லுவார்கள்.

கூரோ வீசிய வலையில் முதலில் விழுந்த பெரிய கவி டென்னிசன் அல்ல, ராபர்ட் பிரௌனிங். 1889 ஏப்ரல் 7-ந் தேதி ருடால்ப் லேமன் என்ற ஓவியர் வீட்டில் விருந்து. பிரௌனிங்குக்கு எழுபத்தாறு வயது. கூரோ யந்திரத்தோடு வந்திருந்தார். ஏதாவது ஒரு கவிதை சொல்லும்படி கவிஞரை வற்புறுத்தினார்கள். கெண்ட் நகரத்திலிருந்து ஏக்ஸ் நகரத்துக்கு நல்ல செய்தி கொண்டுபோன மூன்று குதிரை வீரர்களைப் பற்றி நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்பு அச்சான பாட்டை அவர் எடுத்தார். குதிரையை உற்சாகமாகத் தட்டிவிட்டார். இரண்டு மூன்று அடி போயிற்று, குதிரை நின்றுவிட்டது. மறுபடியும் ஒரு முயற்சி. அதுவும் நின்றது. என்னுடைய பாட்டு எனக்கே ஞாபகம் வரவில்லையே, மிகவும் வருத்தம் என்று பிரௌனிங் சொல்வது உருளையில் அப்படியே பதிந்திருக்கிறது. ஆனால் இந்த அற்புத யந்திரம் தமக்கு உண்டாக்கிய திகைப்பை மட்டும் ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டேன் என்கிறார். பிறகு தம் பெயரை உரக்கச் சொல்லுகிறார். சுற்றி இருந்தவர்கள் ஜயகோஷம் போடுகிறார்கள்.

இந்தப் பதிவில் கவிதை கொஞ்சம், மறதி அதிகம். எனக்கு அந்த மறதிதான் பிடித்திருக்கிறது. ஒரு மகாகவி தம் வரிகளைச் சிறு பையன் மாதிரி மறந்து, அசடு வழிந்து, சிரித்துச் சமாளிப்பதை வேறு எந்தச் சரித்திரப் புத்தகத்தில் படிக்க முடியும்?

'ஆயுள் உள்ளவரை' என்று அவர் சொன்னாரே, அந்த ஆயுள் எட்டு மாதம்தான். 1889 டிசம்பர் 12-ந் தேதி வெனிஸ் நகரத்தில் பிரௌனிங் காலமானார். சரியாக ஒரு வருஷம் கழித்து, அவருடைய முதல் திதியன்று என்றே சொல்லலாம், லண்டன் எடிசன் மாளிகையில் சிலர் கூடி அந்த உருளையைச் சுழலவிட்டார்கள். இறந்தவர் பேசினார். ஹாவீஸ் என்ற பாதிரியார் மெய்சிலிர்த்து 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இறந்த ஒரு மனிதரின் குரல் அவர் மறைந்த நாளிலேயே மறுபடியும் கேட்டது உலகத்தில் நடந்திராத காரியம் என்பது அவர் எண்ணம்.

பிரௌனிங்குக்கு சரியானா என்று ஒரு தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாதவள். மனைவியை இழந்த தமையனுக்குக் கடைசிக் காலம் வரையில் வீட்டை நடத்திக்கொடுத்தவள். அந்த அம்மாள் இந்தச் செய்தியைப் படித்துத் துடித்துப் போனாள். பாவம், செத்துப்போன ராபர்ட்டின் குரலை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார்களே, கடவுள் இவர்களை மன்னிக்கட்டும், எனக்கு அது கஷ்டமாக இருக்கிறது என்ற கருத்தில் ஒரு கடிதம் எழுதினாள். இன்றைக்கு நாம் இறந்தவர்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டே காப்பி குடிக்கிறோம். நமக்கு அவளுடைய கோபம் விசித்திரமாகப் படலாம். ஆனால் அந்தச் சகோதரியின் காதில் அது பதிவு அல்ல, அண்ணன். அடுத்த அறையிலிருந்து கூப்பிடும் குரல். அதை அந்நியர்கள் ஒரு பெட்டிக்குள் வைத்துத் திருகித் திருகிக் கேட்கிறார்கள். மனித குலத்தில் இந்தத் துக்கத்தை முதலில் அனுபவித்தவர்களில் அவள் ஒருத்தி.

டென்னிசனும் பிரௌனிங்கும் நண்பர்கள். இவர்கள் இருவரும் சேர்ந்து கவிதை படித்த ஓர் இரவு உண்டு. 1855 செப்டம்பர் 27-ந் தேதி. லண்டனில் பிரௌனிங் தம்பதிகள் தங்கியிருந்த ஜாகை. டென்னிசன் அந்த வருஷம் வெளியான 'மாட்' என்ற நீண்ட காவியத்தைப் படித்தார். பிரௌனிங் தம்முடைய 'பிரா லிப்போ லிப்பி'யைப் படித்தார். கேட்டவர்களில் ஓவியக் கவி ரோஸெட்டியும் ஒருவர். டென்னிசன் சோபாவில் உட்கார்ந்து, புத்தகத்தை முகத்தருகே பிடித்துக்கொண்டு, தம்மை மறந்து படித்துக்கொண்டிருந்தபோது ரோஸெட்டி அவருக்குத் தெரியாமல் பேனாவால் ஒரு சித்திரம் வரைந்துவிட்டார். அந்த இரவுக்கு மிஞ்சியது அந்தச் சித்திரம்தான். இரண்டு மகாகவிகளின் குரலும் அந்த அறைச் சுவர்களோடு போயிற்று. எடிசனுக்கு அப்போது எட்டு வயது.

டென்னிசன் எப்படிப் படிப்பார் என்று கேட்டவர்கள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். ஆழ்ந்த குரல். பேச்சும் அல்ல, பாட்டும் அல்ல, ஓதுதல். நம் ஊர்ச் சிவன் கோயிலில் ஓதுவார் பண்ணோடு இழுக்கிறாரே, அதற்கும் பாராயணத்துக்கும் நடுவே ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உயிரெழுத்துக்களை, அதிலும் ஆகார ஓகாரங்களை, விடாமல் நீட்டுவார். நம்முடைய இலக்கணத்தில் அளபெடை என்று ஒரு வசதி செய்து, எங்கே எழுத்து நீளுகிறது என்று ஏட்டிலேயே எழுதிக் காட்டிவிட்டார்கள். ஆங்கிலத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. டென்னிசனுக்கு அதுதான் பெரிய கவலை. 'போடிஸியா' என்று அவர் ஒரு பாட்டு எழுதினார். பண்டை லத்தீன் சந்தத்தை ஆங்கிலத்தில் பிடித்துப் பார்த்த சோதனை. தம்மைத் தவிர வேறு யாராலும் அதைச் சரியாகப் படிக்க முடியாதே, யாராவது சங்கீத ஸ்வரம் போல அதற்குக் குறியிட்டு வைத்தால் தேவலையே என்று அவர் ஏங்கியதாக அவருடைய பிள்ளை ஹாலம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

காரைலின் மனைவி ஜேனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். டென்னிசன் 'மாட்' காவியத்தை அவளுக்குப் படித்துக் காட்டி, எப்படி என்று கேட்டாராம். சுத்தப் பேத்தல் என்றாளாம் அந்த அம்மாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் முதலிலிருந்து படித்தாராம். இப்போது கொஞ்சம் தேவலை என்றாளாம். மூன்றாம் தடவையும் படித்தாராம். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டாராம். தப்பித்துக்கொள்ள அப்படிச் சொன்னாளோ என்று நீங்கள் சந்தேகப்படலாம். எழுதுகிறவன் என்ற முறையில் நான் கவியின் கட்சி. காகிதத்தில் செத்துக் கிடந்தது குரலில் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

தம் கவிதையின் உயிர் காகிதத்தில் இல்லை, தொண்டையில் இருக்கிறது என்று நம்பிய இந்தக் கிழவரைத் தேடித்தான் 1890 மே மாதம் கூரோவின் ஆள் ஸ்டெய்ட்லர் வைட் தீவுக்கு யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே பாரிங்போர்டு என்பது டென்னிசனின் வீடு. அப்போது அவர் நாற்பது வருஷமாக ஆஸ்தான கவி. பிரபுப் பட்டமும் பெற்றவர். முந்தைய வருஷங்களில் ஒரு பெரிய வியாதியிலிருந்து பிழைத்து எழுந்தவர். இந்தத் தள்ளாத வயதில், தாடி குழாயில் சிக்கிக்கொள்ளும்படி குனிந்து, முகம் தெரியாத எதிர்காலத்துக்காக அவர் உரக்க ஓதத் தொடங்கினார்.

அது ஒரு நாளோடு நின்றுவிடவில்லை. வெவ்வேறு சமயங்களில் இருபதுக்கு மேற்பட்ட உருளைகளில் அவர் குரல் ஏறிற்று. 'லைட் பிரிகேட்', அதே யுத்தத்தில் போன 'ஹெவி பிரிகேட்'டைப் பற்றிய பாட்டு, வெல்லிங்டன் பிரபுவின் மரணத்தின்மேல் பாடிய சரமகவியில் ஒரு பகுதி, 'மாட்' காவியத்தில் காதலியைத் தோட்டத்துக்கு அழைக்கும் பகுதி, லிங்கன்ஷையர் கொச்சையில் எழுதிய 'வடக்கத்தி விவசாயி', 'பிரின்ஸஸ்' காவியத்தில் வரும் எக்காளப் பாட்டு, இன்னும் சில.

பிறகு நேர்ந்த அபசாரத்தைச் சொல்லத்தான் வேண்டும். உருளைகள் வீட்டிலேயே கிடந்தன. மெழுகுக்குச் சத்துரு வெப்பம். அந்த வெப்பம் படும்படியாகவே அவை இருந்துவிட்டன. சில கோணிப் போயின, சில வெடித்தன. இருபதாம் நூற்றாண்டில் அவருடைய பேரன் சர் சார்லஸ் டென்னிசன் அக்கறை எடுத்துக்கொண்டார். மிஞ்சிய ஓசையை இசைத்தட்டுகளுக்கு மாற்றினார்கள்.

அந்தப் பதிவைக் கேட்கிறவர் முதலில் ஏமாந்து போவார். எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம். அதற்குள்ளே எங்கேயோ ஒரு கிழவர், புயற்காற்றில் அடுத்த கரையிலிருந்து கத்துகிறவர் மாதிரி. கோணிப்போன உருளை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தூக்கிப் போடுகிறது. குரல் அலைபோலக் கிட்டே வருகிறது, விலகிப் போகிறது. இரண்டாம் தடவை கேட்டால் சந்தம் பிடிபடும். மூன்றாம் தடவை கேட்கும்போது, அந்த உருளையின் 'தடக் தடக்' என்ற இடியும் பாட்டின் சந்தமும் ஒன்றோடொன்று கலந்து குளம்படி ஓசையாகிவிடும். உருளை பழுதானதே ஒரு பக்கவாத்தியமாக அமைந்தது விதியின் விளையாட்டு.

முன்னே 'மீதிப் பாதி' என்று சொன்னேனே, அது இதுதான். உருளை எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதற்கு அந்தக் காலத்தில் ஒரே கணக்கு என்பது கிடையாது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் குரல் கீச்சென்று ஆகும். குறைத்தால் கிணற்றுக்குள் இறங்கும். ஆகையால் டென்னிசனின் சுருதி என்ன என்பதை யந்திரத்தை ஓட்டுகிறவர் பழைய மனிதர்களின் சாட்சியத்தைக் கொண்டு ஊகித்துத்தான் ஆக வேண்டும். உயர்ந்த, மெல்லிய ஒலிகளும் அதில் ஏறவில்லை. முக்கியமாக ஸகாரம் ஏறவில்லை. இது ஒரு வேடிக்கை. 'ஸ்ஸ்' என்ற சீறல் இரண்டு அடுத்தடுத்து வந்தால் டென்னிசனுக்குப் பொறுக்காது. அவற்றைத் தேடிப் பிடித்து விரட்டுவதை, படகிலிருந்து வாத்துகளை உதைத்துத் தள்ளுவது என்று அவர் சொல்வது வழக்கம். வாழ்நாள் முழுவதும் அவர் பாடுபட்டு விரட்டிய வாத்துகளில் மிச்சம் மீதி இருந்ததை யந்திரம் ஒரே உதையில் தள்ளிவிட்டது.

பிரௌனிங் எடுத்ததும் குதிரைப் பாட்டு, டென்னிசன் எடுத்ததும் குதிரைப் பாட்டு என்பதைக் கவனித்தீர்களா? இரைச்சலிலும் எழுந்து நிற்கக்கூடிய அடி வேண்டுமானால் குதிரைதான் கை கொடுக்கும். மென்மையான பாட்டுக்கள் அந்த மெழுகில் முக்கால்வாசி கரைந்து போயின.

ஆனால் 1890-ல் அந்தப் பாட்டைத் திரும்ப எடுப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அதற்கு முப்பத்தாறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1854 அக்டோபர் 25. கிரிமியாவில் பாலக்லாவாப் போர். குன்றின்மேல் நின்ற சேனாதிபதி ராக்லன் பிரபு, ரஷ்யர்கள் தாங்கள் பிடித்த பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, அதைத் தடுக்கும்படி குதிரைப் படைக்கு உத்தரவு அனுப்பினார். கீழே பள்ளத்தாக்கில் நின்ற லூக்கன் பிரபுவுக்கு அந்தப் பீரங்கிகள் கண்ணில் படவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டார். உத்தரவு கொண்டுவந்த காப்டன் நோலன் கையை வீசிக் காட்டினான். கை காட்டிய திக்கில், பள்ளத்தாக்கின் கடைசியில், ரஷ்யப் பீரங்கி வரிசை ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. இரு பக்கத்து மேடுகளிலும் வேறு பீரங்கிகள். லூக்கனும், லைட் பிரிகேடை நடத்திய கார்டிகன் பிரபுவும் மைத்துனர்கள். ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. கலந்து பேசுகிற பேச்சுக்கு இடமில்லை. படை கிளம்பிற்று. நோலன் ஆரம்பத்திலேயே விழுந்தான். அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள், அதைவிட அதிகம் பேர் காயம் பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். குதிரைகள் நூற்றுக்கணக்கில் செத்தன.

'டைம்ஸ்' பத்திரிகை இதைப் பயங்கரமான பிழை என்று எழுதிற்று. டென்னிசன் படித்தார். டிசம்பர் 2-ந் தேதி சில நிமிஷங்களில் பாட்டை எழுதி முடித்தார். ஒரு வாரத்தில் அச்சில் வந்துவிட்டது. கட்டளையில் யாரோ செய்த தவற்றைச் சுட்டும் ஒரு சின்ன அடி அதில் உண்டு. பாட்டுக்கு முதுகெலும்பே அதுதான். அடுத்த வருஷம் புத்தகமாகச் சேர்க்கும்போது அந்த அடியை அவர் எடுத்துவிட்டார். ஆனால் கிரிமியாவில் இருந்த சிப்பாய்களுக்குப் பழைய பாட்டுத்தான் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும், அடியைத் திருப்பிச் சேர்த்துத் தனித் தாளாக அச்சிட்டு அவர்களுக்கு அனுப்பிவைத்தார். அடிபட்டவனுக்குத் தெரியும், எந்த வரி உண்மை என்று.

பாட்டு புகழடைந்தது. பள்ளிக்கூடம் தோறும் போயிற்று, கடல் கடந்து நம்மிடமும் வந்தது. பாட்டில் வந்த மனிதர்கள் என்ன ஆனார்கள்? வயதாயிற்று. வேலைக்குத் திராணி இல்லை. பலர் வறுமையில் விழுந்தார்கள். ஏழை விடுதிக்குப் போனவர்களும் உண்டு. 1890-ல் இது பத்திரிகைகளில் அடிபட்டது. அவர்களுக்காக நிவாரண நிதி திரட்டினார்கள். பம்பாயில் பிறந்து அப்போதுதான் லண்டனில் பெயரெடுத்துக்கொண்டிருந்த இருபத்து நாலு வயது கிப்ளிங், அந்தப் படையில் மிஞ்சிய இருபது கிழவர்கள் ஆஸ்தான கவியின் வீட்டுக்குப் போய்த் தங்கள் கதியைச் சொல்வதாக ஒரு பாட்டுக் கட்டினார். கற்பனைதான். ஆனால் அந்தச் சவுக்கடி தேசத்துக்கு விழ வேண்டும் என்று எழுதினது. அதில் ஒரு சுளீர் கவியின் முதுகிலும் விழாமல் இருந்திராது.

நிதிக்கு உதவியாகக் கூரோவின் யந்திரம் கிரிமியாக் குரல்களைத் தேடிப் பிடித்தது. ஜூலை 30-ந் தேதி லண்டனில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பேசினார். எழுபது வயது, பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே வராதவர். தாம் வெறும் பெயராகிப்போன பிற்பாடும் தம் குரல் தம்முடைய பணியை நிலைநிறுத்தும் என்று நம்புவதாகச் சொல்லி, பாலக்லாவாவின் பழைய தோழர்களைக் கடவுள் கரை சேர்க்கட்டும் என்று ஆசீர்வதித்தார். நிதானமாக, எழுத்தெழுத்தாக, ஆஸ்பத்திரியில் கட்டளை கொடுத்துப் பழகிய குரல்.

மூன்று நாள் கழித்து லான்பிரீட் என்ற எக்காளக்காரர் வந்தார். அந்தப் பாய்ச்சலில் போய்க் காயத்தோடு திரும்பியவர். பிரபு அல்ல, கவி அல்ல. ராணுவத்தில் ஊதிப் பிழைத்தவர். தம் பெயரைச் சொல்லுகிறார். வாட்டர்லூ யுத்தத்தில் முழங்கிய அதே எக்காளத்தில், பாலக்லாவாவில் ஊதியபடியே தாக்குதல் முழக்கத்தை இப்போது ஊதப் போகிறேன் என்கிறார். தேதியையும் தவறாமல் சொல்லுகிறார். பிறகு ஊதுகிறார். அன்றைய தினம் தாக்குதலுக்கு எக்காளம் ஊதப்பட்டதா, ஊதியவர் யார் என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் இன்றும் வழக்கு உண்டு. வழக்கு நடக்கட்டும். மூன்று உருளைகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால், டென்னிசன் குரல் மெழுகோடு போராடுகிறது, நைட்டிங்கேல் குரல் தூரத்தில் நிற்கிறது. லான்பிரீட்டின் எக்காளம் மட்டும் நெஞ்சுக்கு நேராக வருகிறது. கவி வார்த்தையால் உண்டாக்கப் பார்த்த ஓசையைப் பித்தளை சுலபமாக உண்டாக்கிவிடுகிறது. டென்னிசன் இதைக் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அந்தக் காலத்துக் குரல் வேட்டையில் இவர்களுக்கும் மூத்தவர் அகப்பட்டிருக்கிறார். 1889-ல் ஜெர்மானியச் சேனாதிபதி மோல்ட்கேயின் குரலை எடிசனின் ஆள் பதிவு செய்தான். அவர் பிறந்தது 1800-ல். அவரும் கவிதைதான் சொன்னார், கதேயின் 'பௌஸ்ட்' நாடகத்திலிருந்து. யந்திரத்தைக் கண்டால் சேனாதிபதிக்கும் கவிதைதான் வாயில் வருகிறது.

டென்னிசன் 1892 அக்டோபர் 6-ந் தேதி பின்னிரவில், ஆல்ட்வொர்த் என்ற தம்முடைய இன்னொரு வீட்டில் காலமானார். ஜன்னல் வழியே நிலா வெளிச்சம் படுக்கைமேல் விழுந்துகொண்டிருந்தது. கடைசி நாட்களில் ஷேக்ஸ்பியர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்தை அவரோடு பெட்டியில் வைத்தார்கள்.

ஆறு நாள் கழித்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. கரையைக் கடந்து கடலுக்குப் போகும் கப்பலைப் பற்றி அவரே கடைசிக் காலத்தில் எழுதியது. ஆலயத்தின் நடுக்கூடத்தில் இரு பக்கமும் அணிவகுத்து நின்றவர்களில் பாலக்லாவாவிலிருந்து உயிரோடு திரும்பிய லைட் பிரிகேட் ஆட்களும் இருந்தார்கள். நரைத்த தலைகள். பெட்டி அவர்கள் நடுவே போயிற்று. பிரௌனிங்கின் சமாதிக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள்.